ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்: கைதட்டல் கேட்காத லைவ் ஆல்பம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வருகிறது. ராக் பாடகரும் கிடார் கலைஞருமான நீல் யங்கின் ‘ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்’ (1979) ஆல்பத்தை ஒரு இடத்தில் லைவ் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் ஸ்டூடியோ என்கிறார்கள். கேட்டுப் பார்த்தால் கைதட்டலே காதில் விழவில்லை. முதல் பாதி அக்கூஸ்டிக் (மின்சாரம் இல்லாத கிடார்), மறுபாதி காதைப் பிளக்கும் எலெக்ட்ரிக். முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் ஒரே பாட்டு மாதிரி இருக்கிறது. இதெல்லாம் ஏன், கூடவே ‘லைவ் ரஸ்ட்’ என்று ஒன்று இருக்கிறதே, அதையும் வாங்க வேண்டுமா? கேள்வியை இரண்டு முறை படித்தேன். உங்களை உறுத்துவது இந்த ஆல்பத்தை எந்தப் பெட்டியில் போடுவது என்பது இல்லை என்று நினைக்கிறேன். கூட்டத்தின் சத்தத்தை எடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் ஸ்டூடியோ வேலையும் செய்து விற்றால் அது கேட்பவரை ஏமாற்றுவது ஆகாதா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

நான் இருபது வருஷத்துக்கும் மேலாக மேடை ஒலி செய்கிறவன். கச்சேரி, கல்லூரி விழா, ராக் பேண்ட் என்று எல்லாவற்றுக்கும் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பல நிகழ்ச்சிகளை ரெக்கார்டு செய்து பின்னால் சரிசெய்தும் கொடுத்திருக்கிறேன். அதனால் இந்த ஆல்பத்தைப் பற்றி இரண்டு விதமாகப் பேச முடியும். பதிவான தகவல்களை வைத்துச் சொல்வது ஒன்று, காதை வைத்து ஊகிப்பது இன்னொன்று. இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் தகவல். ஆல்பத்தில் மொத்தம் 9 பாட்டுகள். அவற்றில் 7 மேடையில் பதிவானவை, 2 ஸ்டூடியோவில் பதிவானவை. முதல் பக்கத்தில் ‘மை மை, ஹே ஹே’, ‘த்ராஷர்’, ‘ரைட் மை லாமா’ மூன்றும் 1978 மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவில் போர்டிங் ஹவுஸ் என்ற சின்ன கிளப்பில், நீல் யங் தனியாளாக வாசித்தபோது பதிவானவை. இரண்டாம் பக்கத்தின் நான்கு பாட்டுகளும் அதே வருஷம் இலையுதிர் காலத்தில் க்ரேஸி ஹார்ஸ் குழுவோடு பெரிய அரங்குகளில் நடத்திய சுற்றுப்பயணத்தில் பதிவானவை. கிடாரில் ஃபிராங்க் சாம்பெட்ரோ, பேஸில் பில்லி டால்பட், டிரம்ஸில் ரால்ஃப் மொலினா. மிச்சமிருக்கும் இரண்டு, ‘போகஹோன்டஸ்’, ‘செயில் அவே’. ‘செயில் அவே’ இதற்கு முந்தைய ஆல்பமான ‘கம்ஸ் எ டைம்’ காலத்து ஸ்டூடியோ பதிவு. கூடவே பாடும் பெண் குரல் நிகோலெட் லார்சனுடையது. ‘போகஹோன்டஸ்’ 1976 ஆகஸ்டில் மாலிபுவில் இண்டிகோ ராஞ்ச் ஸ்டூடியோவில் ஒரே இரவில் அவர் தனியாகப் பாடித் தள்ளிய பாட்டுகளில் ஒன்று. அந்த இரவின் முழுப் பதிவு ‘ஹிட்ச்ஹைக்கர்’ என்ற பெயரில் 2017-ல் வெளியானது. அதில் இதே ‘போகஹோன்டஸ்’ மேல்பூச்சு எதுவும் இல்லாமல் இருக்கிறது. அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ‘ரஸ்ட்’ ஆல்பத்துக்காகப் பிறகு எவ்வளவு சேர்த்திருக்கிறார் என்று உங்கள் காதே சொல்லிவிடும்.

ஆக, இரண்டு தரப்பும் சொல்வது சரிதான். பெரும்பகுதி மேடைப் பதிவு, பிறகு ஸ்டூடியோவில் சில இடங்களில் மேல்பதிவு (ஓவர்டப், அதாவது பின்னால் சேர்த்த வாசிப்பு), கூட்டத்தின் சத்தம் முடிந்தவரை நீக்கம்.

கூட்டத்தின் சத்தத்தை எப்படி நீக்கினார்கள்? பலர் இதை ஏதோ மந்திர வேலை என்று நினைக்கிறார்கள். மேடையில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பக்கத்திலேயே ஒரு மைக் இருக்கும். டிரம்முக்கு நாலைந்து, ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று. கூட்டத்தின் ஆரவாரத்தைப் பிடிக்கத் தனியாக இரண்டு மைக் அரங்கத்தைப் பார்த்து வைப்போம். எல்லாம் தனித்தனி டிராக்கில் பதிவாகும். லைவ் ஆல்பங்களில் நீங்கள் கேட்கும் அந்தக் கடல் இரைச்சல் பெரும்பாலும் அந்த இரண்டு மைக்கிலிருந்துதான் வருகிறது. மிக்ஸ் செய்யும்போது அந்த இரண்டையும் ஏற்றாமல் விட்டாலே கூட்டம் முக்கால்வாசி காணாமல் போய்விடும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வரும் கைதட்டலை வெட்டிவிடலாம். மிஞ்சுவது குரல் மைக்கில் கசியும் சத்தம். பாடகர் பாடாத இடைவெளிகளில் அது எட்டிப் பார்க்கும். அந்தக் கசிவை முழுக்கத் துடைக்கவே முடியாது, துடைத்தால் குரலின் வாலும் சேர்ந்து அறுந்துவிடும். ‘ரஸ்ட்’ ஆல்பத்தில் முதல் பாட்டிலும் கடைசிப் பாட்டிலும் கூட்டம் லேசாகக் கேட்பதை நல்ல ஹெட்ஃபோனில் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

இனி ஊகத்துக்கு வருகிறேன். எந்தப் பாட்டில் எந்த வரி மேடையில் பாடியது, எந்த வரி பிறகு சேர்த்தது என்று காதை மட்டும் வைத்து அறுதியிட்டுச் சொல்ல யாராலும் முடியாது. யாராவது ‘இந்த இரண்டாவது கிடார் ஓவர்டப்’ என்று நிச்சயமாகச் சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் பயன்படுத்தும் ஒரு சோதனை உண்டு: குரலுக்குப் பின்னால் டிரம்மின் சிம்பல் லேசாகக் கேட்கிறதா என்று பார்ப்போம். மேடையில் பாடினால் சிம்பல் சத்தம் குரல் மைக்கில் விழுந்தே தீரும். ஸ்டூடியோவில் தனியாகப் பாடிய குரல் சுத்தமாக, தனியறையில் நிற்கிற மாதிரி இருக்கும். இந்தச் சோதனையை வைத்து நானும் சில இடங்களைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். ஆனால் சந்தேகம் சந்தேகம்தான். எலெக்ட்ரிக் பக்கத்தின் உடம்பு, அதாவது நான்கு பேர் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்து வாசிக்கும் அந்த அசைவு, மேடையில் நடந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ‘செடான் டெலிவரி’யில் வேகம் குறைந்து மறுபடி ஏறும் இடங்களைக் கேளுங்கள். மெட்ரோனோம் வைத்துத் தனித்தனியாக வாசித்தால் அப்படி ஒரு சறுக்கலும் ஏற்றமும் வராது.

ஏமாற்றா என்று கேட்டீர்கள். நீல் யங்கின் பழைய ஆல்பங்களைத் திருப்பிப் பார்த்தால் இது அவருடைய நெடுநாள் பழக்கம் என்பது தெரியும். 1972-ல் வந்த ‘ஹார்வெஸ்ட்’ ஆல்பம் எல்லாருக்கும் தெரியும். அதில் இருக்கும் ‘த நீடில் அண்ட் த டேமேஜ் டன்’ 1971 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ராய்ஸ் ஹாலில் மேடையில் பதிவானது. போதை ஊசியால் அழிந்துபோனவர்களைப் பற்றிய இரண்டு நிமிஷப் பாட்டு. முடிந்ததும் கைதட்டல் எழும்புகிறது, எழும்பிய வேகத்தில் அடுத்த பாட்டு மேலே வந்து விழுகிறது. அந்த வெட்டை அவர் மறைக்கவில்லை. 1973-ல் ‘டைம் ஃபேட்ஸ் அவே’ என்று ஒரு லைவ் ஆல்பம் போட்டார். ‘ஹார்வெஸ்ட்’ பாட்டுகளைக் கேட்க வந்த கூட்டத்தின் முன்னால், யாரும் அதுவரை கேட்டிராத புதுப் பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்தது. 1975-ன் ‘டுநைட்ஸ் த நைட்’ ஆல்பத்தில் 1970-ல் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவான ஒரு பாட்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. புதுப் பாட்டை மேடையில் பதிவு செய்வதை அவர் மட்டும் செய்யவில்லை. ஜாக்சன் பிரவுன் 1977-ல் ‘ரன்னிங் ஆன் எம்ப்டி’யை மேடையிலும் ஹோட்டல் அறையிலும் ஓடும் பஸ்ஸிலும் பதிவு செய்தார்.

கைதட்டலை எடுத்ததற்கு என் மனசுக்குப் படும் காரணம் இதுதான். ஏற்கெனவே தெரிந்த பாட்டுக்குக் கூட்டத்தின் சத்தம் உதவி செய்யும். கிடாரின் முதல் கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) விழுந்ததும் எழும்பும் ஆரவாரம், ‘ஆமாம், அந்தப் பாட்டுதான்’ என்று நமக்கும் சொல்லும். புதுப் பாட்டுக்கு அந்தச் சத்தம் இடைஞ்சல். நாம் இன்னும் பாட்டைக் கேட்கவே இல்லை, அதற்குள் வேறு யாரோ அதைப் பாராட்டிக் கொண்டிருப்பார்கள். ‘ரஸ்ட்’ ஆல்பத்தில் இருந்த ஒன்பதும் அப்போது ஆல்பமாக வராத பாட்டுகள். அவற்றை நாம் தனியாகச் சந்திக்கட்டும் என்று விட்டிருக்கிறார். அதே சமயம், மேடையில் நிற்கும்போது மட்டும் வரும் அந்தப் பதற்றத்தையும் பிடித்து வைத்திருக்கிறார். ஸ்டூடியோவில் ஒரு டேக் சரியில்லை என்றால் இன்னொன்று எடுக்கலாம். மேடையில் விரல் வழுக்கினால் வழுக்கியதுதான். அந்தப் பயம் வாசிப்பில் தெரியும். இதை ஏமாற்று என்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு வாசிக்காத ஒன்றை வாசித்ததாகச் சொல்லி, இல்லாத கைதட்டலை ஒட்டி விற்றிருந்தால் ஏமாற்று என்பேன். அப்படிப்பட்ட லைவ் ஆல்பங்களும் உலகத்தில் உண்டு.

அடுத்தது, அக்கூஸ்டிக் ஒரு பக்கம், எலெக்ட்ரிக் ஒரு பக்கம் என்ற பிரிவு. இது நீல் யங் கண்டுபிடித்தது இல்லை. 1966-ல் பாப் டிலன் இங்கிலாந்தில் முதல் பாதி தனியாக ஒரு கிடாரும் ஹார்மோனிகாவும் வைத்துக்கொண்டு பாடுவார், இடைவேளைக்கு அப்புறம் எலெக்ட்ரிக் குழுவோடு வருவார். மே 17 அன்று மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் கூட்டத்திலிருந்து ஒருவர் அவரை ‘யூதாஸ்’ என்று கத்தியது அந்த இரண்டாம் பாதியில்தான். அந்தப் பதிவு பல வருஷம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி என்ற தவறான பெயரில் திருட்டுத்தட்டாகச் சுற்றியது. 1998-ல்தான் முறையாக வெளியானது. அதற்கப்புறம் நீல் யங் தானே இருந்த க்ராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் அண்ட் யங் குழுவின் ‘ஃபோர் வே ஸ்ட்ரீட்’ 1971-ல் வந்தது. 1970 கோடைக்காலக் கச்சேரிகளின் இரட்டைத் தட்டு. ஒரு தட்டு முழுக்க அக்கூஸ்டிக், மற்றது முழுக்க எலெக்ட்ரிக். அதில் ‘சதர்ன் மேன்’, ‘கேரி ஆன்’ இரண்டும் ஒவ்வொன்றும் 13 நிமிஷத்தைத் தாண்டி ஓடும். எனக்கு அந்த ஆல்பத்தின் அக்கூஸ்டிக் தட்டு உயிர். எலெக்ட்ரிக் தட்டில் நான்கு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பது காதில் விழும்.

இந்த இரண்டையும் ஏன் தனித்தனிப் பக்கமாக வைக்கிறார்கள் என்பதற்குத் தொழில்முறையில் ஒரு காரணம் இருக்கிறது. அக்கூஸ்டிக் கிடார் மெலிந்த மரப்பலகையால் ஆன பெட்டி. பக்கத்தில் சத்தம் அதிகமானால் அந்தப் பலகையே அதிர ஆரம்பிக்கும், அதிர்வு பிக்கப் (அதிர்வை மின்சாரமாக்கும் கருவி) வழியாக மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும், ஊளை கிளம்பும். ஒரு கல்லூரி விழாவில் இதை நான் நன்றாக அனுபவித்தேன். பாட்டு மெதுவாக அக்கூஸ்டிக் கிடாரில் தொடங்கி, இரண்டாவது சரணத்தில் டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிடாரும் சேர வேண்டும். சேர்ந்ததும் அக்கூஸ்டிக் கிடார் கீழ்ஸ்தாயியில் ஊள்ளென்று ஊளையிட்டது. மிக்ஸரில் அந்தக் கிடாரின் ஒலியளவுக் குமிழை, அதாவது ஃபேடரை, இறக்கினேன், ஊளை நின்றது, கிடாரும் நின்றது. அந்தப் பையன் கடைசிவரை உருகி உருகி வாசித்தான், ஒரு ஸ்வரம்கூட வெளியே போகவில்லை. அவன் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கும் அந்த முகம் நினைவிருக்கிறது. இப்போது பிக்கப்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன, கிடாரின் துளையை மூட ரப்பர் மூடிகூட வந்துவிட்டது. ஆனாலும் 1978-ல் க்ரேஸி ஹார்ஸ் வாசித்த சத்தத்துக்கு நடுவில் ஓர் அக்கூஸ்டிக் கிடார் பிழைத்திருக்க வழியே இல்லை.

சத்த அளவு மட்டும் விஷயம் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. இரண்டு கிடாரும் வார்த்தையை நடத்தும் விதம் வேறு. அக்கூஸ்டிக் கிடாரில் தந்தியை மீட்டியதும் ஒலி பளிச்சென்று எழுந்து உடனே தேய ஆரம்பிக்கும். அந்தத் தேய்மானத்தில் ஓர் இடைவெளி கிடைக்கும், அந்த இடைவெளியில் வார்த்தை வந்து உட்காரும். ‘த்ராஷர்’ ஐந்தரை நிமிஷம், பன்னிரண்டு தந்திக் கிடாரும் ஹார்மோனிகாவும் மட்டும். அத்தனை நீளமான பாடல் வரிகளில் ஒன்றுகூடத் தவறாமல் நமக்குக் கேட்கிறது. கூட்டாளிகளை விட்டுப் பிரிந்து தனியே ரோட்டைப் பிடிக்கும் ஒருவனின் கதை அது. பழைய மூன்று கூட்டாளிகளான க்ராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷைத்தான் சொல்கிறார் என்று கேட்ட பலருக்கும் புரிந்தது.

நீல் யங்கின் எலெக்ட்ரிக் கிடார் வேறு ரகம். ‘ஓல்ட் பிளாக்’ என்று பெயர் வைத்த 1953 கிப்ஸன் லெஸ் பால், பொன்னிறத்துக்கு மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்தது. பிரிட்ஜ் பக்கத்தில் ஃபயர்பேர்ட் கிடாரிலிருந்து எடுத்த பிக்கப். தந்திகளைத் தளர்த்தி இழுக்க பிக்ஸ்பி நெம்புகோல். அதை ஒரு பழைய ஃபெண்டர் டீலக்ஸ் ஆம்பில் மாட்டுகிறார். மிகக் குறைந்த வாட் தரும் சின்னப் பெட்டி, உள்ளே வால்வுகள். சின்ன ஆம்பை முழு மூச்சில் திருப்பினால் அதற்கு மூச்சு முட்டும். ஒலி அலையின் தலையும் காலும் நசுங்கும், மீட்டிய ஸ்வரம் தேயாமல் நீண்டுகொண்டே போகும், மின்சாரம் ஒரு கணம் தொய்ந்து பிறகு எழும்பும். கடைசிப் பாட்டான ‘ஹே ஹே, மை மை’யில் ஆக்டேவ் டிவைடர் என்ற கருவியும் சேர்கிறது. வாசிக்கும் ஸ்வரத்துக்குக் கீழே இன்னொரு ஸ்தாயியில் நிழல் மாதிரி ஒன்று கூடவே உறுமும். அக்கூஸ்டிக்கில் இருந்த இடைவெளி இங்கே கிடையாது. வார்த்தை அந்த ஒலிக்குள் முங்கி முங்கி எழுகிறது. அவருடைய மெல்லிய, உயர்ந்த குரல் அதற்கு மேலே எப்படியோ நிற்கிறது. அந்தக் குரல் தடித்த குரலாக இருந்திருந்தால் கிடாரோடு மோதித் தோற்றிருக்கும்.

இதைப் புரிந்துகொண்டால், ஒரே பாட்டு ஏன் இரண்டு முறை என்பதற்கும் பதில் கிடைத்துவிடும். மெட்டு ஒன்றுதான், ஏ மைனரில் இறங்கி வரும் அதே ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துண்டு). ஆனால் வரிகள் முழுக்க ஒன்று இல்லை, இதைப் பலர் கவனிப்பதில்லை. அக்கூஸ்டிக்கில் ராக் அண்ட் ரோல் நிலைத்து நிற்கும் என்கிறார். தேய்ந்து மறைவதைவிட எரிந்து போவது மேல் என்ற பிரபலமான வரி அங்கேதான் வருகிறது. எலெக்ட்ரிக்கில் அந்த இடத்தில், கண்ணுக்குத் தெரிவதைவிடப் படத்தில் அதிகம் இருக்கிறது என்று பாடுகிறார். அக்கூஸ்டிக்கில் ‘இது ஒரு ஜானி ராட்டனின் கதை’ என்று சொல்வது, எலெக்ட்ரிக்கில் ‘இது ஜானி ராட்டனின் கதையா?’ என்று கேள்வியாக மாறுகிறது. துரு தூங்குவதில்லை என்று பொருள்படும் ஆல்பத் தலைப்பும் எலெக்ட்ரிக்கில்தான் வாயைத் திறக்கிறது. அந்தச் சொற்றொடர் அவருக்கு டீவோ குழுவினரிடமிருந்து வந்தது, அவர்களோடு அப்போது ‘ஹ்யூமன் ஹைவே’ படத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அக்கூஸ்டிக் வடிவத்துக்கு, எழுதியவர்களில் ஒருவராக ஜெஃப் பிளாக்பர்னின் பெயரும் சேர்ந்தே இருக்கும்.

காலத்தை நினைத்துப் பாருங்கள். 1977 ஆகஸ்டில் எல்விஸ் இறந்தார். பாட்டில் வரும் ‘ராஜா’ அவர்தான். 1978 ஜனவரியில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவினர் தங்கள் கடைசிக் கச்சேரியை சான் ஃபிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்டில் வாசித்துவிட்டுக் கலைந்தார்கள், அந்தக் குழுவின் பாடகர்தான் ஜானி ராட்டன். நான்கே மாதத்தில், அதே ஊரில், ஒரு சின்ன கிளப்பில், 32 வயது நீல் யங் ஓர் அக்கூஸ்டிக் கிடாரோடு நின்று அந்தப் பெயரைப் பாடுகிறார். பங்க் இசைக்காரர்கள் அவருடைய தலைமுறையைப் பழைய சாமான் என்று ஒதுக்கிக் கொண்டிருந்த நேரம். அவர் கோபப்படவில்லை. தானும் துருப்பிடிக்கிறேனா என்று உண்மையாகவே கேட்டுக்கொண்டார். முதல் பக்கத்தில் அது தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலிருக்கிறது. கடைசிப் பாட்டில் பதிலைத் தேடிக் கிடாரைப் போட்டு உலுக்குகிறார்.

அக்கூஸ்டிக்கில் வார்த்தை தெளிவாகக் கேட்பதால் ஒரு விளைவும் வந்தது. எரிந்து போவது மேல் என்ற வரியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு உலகம் போனது. ஜான் லெனன் 1980-ல் ஒரு பேட்டியில் அந்த வரியைக் கடுமையாக மறுத்தார். 1994-ல் நிர்வானா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் தற்கொலைக்கு முன் எழுதி வைத்த கடைசிக் கடிதத்தில் அது இருந்தது. நீல் யங்குக்கு அது ஆறாத வலி. பாட்டை முழுசாக, இரண்டு வடிவத்தையும் கேட்டவர்கள் அந்த ஒரு வரியில் நின்றுவிட மாட்டார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இரண்டு உலகத்தையும் இன்னும் நெருக்கமாகப் பார்க்க ‘பவுடர்ஃபிங்கர்’ நல்ல உதாரணம். இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. ஆற்றில் துப்பாக்கிப் படகு வருகிறது, அப்பாவும் சகோதரனும் வீட்டில் இல்லை, 22 வயதுப் பையன் அப்பாவின் துப்பாக்கியை எடுக்கிறான், சுடப்பட்டுச் சாகிறான். கதையைச் சொல்வதும் அவன்தான். மேலே சொன்ன 1976 இரவுப் பதிவில் இதன் தனிக் கிடார் வடிவம் இருக்கிறது. அதில் கதை முன்னால் நிற்கிறது. பையன் நம் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொல்கிறான், கேட்கக் கேட்க மனசு கனக்கும். க்ரேஸி ஹார்ஸோடு வாசிக்கும்போது சரணங்களுக்கு நடுவில் அந்தக் கிடார் மெட்டு ஏறி இறங்குகிறது. இரண்டு கிடாரும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில், ஆனால் மிகச் சரியாக ஒரே சமயத்தில் இல்லாமல், ஒன்றையொன்று தோளில் இடித்துக்கொண்டு போகின்றன. மொலினா எளிமையாக, ஒரு அடிகூட அதிகம் போடாமல் வாசிக்கிறார். கதை பின்னால் போய், ஆற்றின் பெருக்கு முன்னால் வருகிறது. நிறைய வாசிக்கத் தெரிந்த குழு ஒன்றிடம் இந்தப் பாட்டைக் கொடுத்தால் இடைவெளியை எல்லாம் அலங்காரத்தால் நிரப்பிவிடுவார்கள். க்ரேஸி ஹார்ஸ் நிரப்பாமல் விட்டதால்தான் பையனின் சாவு அங்கே நிற்கிறது.

‘லைவ் ரஸ்ட்’ பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதே 1979-ல், சில மாதம் கழித்து வந்த இரட்டைத் தட்டு. 1978 சுற்றுப்பயணத்தின் பல ஊர்ப் பதிவுகள், கூட்டத்தின் சத்தம் முழுசாக உண்டு. பெரும்பாலும் பழைய பாட்டுகள்: ‘சுகர் மவுண்டன்’ தொடங்கி ‘கார்டெஸ் த கில்லர்’, ‘லைக் எ ஹரிகேன்’ வரை. ‘ரஸ்ட்’ ஆல்பத்தோடு பொதுவாக இருப்பவை நான்கு மட்டும். கூடவே ‘ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு கச்சேரிப் படமும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் கவ் பேலஸ் அரங்கில் 1978 அக்டோபர் 22 அன்று எடுத்தது. பெர்னார்ட் ஷேக்கி என்ற புனைபெயரில் நீல் யங்கே இயக்கியது. மேடை நிறைய ஆளுயரத்தைத் தாண்டிய ராட்சத ஆம்ப்ளிஃபயர்கள், அதேபோல் ஒரு ராட்சத மைக். முக்காடு போட்டு, கண்கள் ஒளிரும் குள்ள உருவங்கள் அவற்றைத் தூக்கிச் சுமக்கின்றன. ஓர் ஆம்பின் உச்சியில் தூங்கிக் கொண்டிருந்த சிறுவன் போல எழுந்து உட்கார்ந்து, கிடாரை எடுத்து ‘சுகர் மவுண்டன்’ பாடத் தொடங்குகிறார். அந்தப் பெட்டிகள் எல்லாம் வெறும் மேடை அலங்காரச் சாமான்கள். சத்தத்தின் ஊற்று அந்தச் சின்ன டீலக்ஸ்தான். முதன்முதலில் படத்தைப் பார்த்தபோது மேடை ஒலிக்காரனாக எனக்குச் சிலிர்த்தது. சின்னப் பையனுக்கு ராக் இசை எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அந்த அளவில் அவர் சாமான்களைச் செய்து வைத்திருந்தார்.

எது வாங்குவது? ஒன்றுதான் முடியும் என்றால் ‘ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்’ வாங்குங்கள். கூட்டத்தோடு சேர்ந்து கேட்கும் சந்தோஷம் வேண்டும், அவருடைய பழைய பாட்டுகளும் வேண்டும் என்றால் ‘லைவ் ரஸ்ட்’. கையில் காசு இருந்தால் இரண்டும், கூடவே ‘ஹிட்ச்ஹைக்கர்’.

கேட்கும் முறைக்கு ஒரு யோசனை. எனக்கு இந்த ஆல்பம் முதலில் கிடைத்தது கேசட்டில். யாரோ தட்டிலிருந்து பதிவு செய்தது, லேபிள் உரிந்துபோயிருந்தது. எது முதல் பக்கம் என்று தெரியாமல் எலெக்ட்ரிக் பக்கத்தை முதலில் போட்டேன். பல மாதம் அப்படியேதான் கேட்டேன். அந்த வரிசையில், எல்லாம் அடங்கி ஒருவன் வீடு திரும்பும் ஆல்பமாக அது எனக்குள் பதிந்திருந்தது. பிறகு ஒரு நண்பர் வீட்டில் எல்.பி. தட்டில் சரியான வரிசையில் கேட்டபோது அதிர்ந்துபோனேன். அங்கே ஆள் வீட்டை விட்டுக் கிளம்புகிறான், திரும்புவதே இல்லை. ‘செயில் அவே’ முடிந்ததும் நண்பர் எழுந்துபோய் தட்டைத் திருப்பிப் போட்டு, ஊசியை வைத்தார். அந்த அரை நிமிஷ அமைதிக்கு அப்புறம்தான் ‘பவுடர்ஃபிங்கர்’ வந்தது. இப்போது போனில் கேட்டால் இரண்டு பாட்டுக்கும் நடுவில் மூச்சுவிடக்கூட நேரம் இருக்காது. நீங்களே அங்கே நிறுத்துங்கள். எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி போடுங்கள். வால்யூமையும் இரண்டு படி ஏற்றிவிடுங்கள். கடைசிப் பாட்டில் கிடார் அடங்கும் இடத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் காத்திருங்கள், நீங்கள் தேடிய கூட்டம் அங்கே இருக்கிறது.